வகுப்பில் படம் போடலாமா, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா? பதிப்புரிமை பற்றி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில ஆண்டுகளாக ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் இந்தத் தலைப்பில் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு நீண்ட காலம் தமிழ் நடத்தியவன். ஒரு முறை நானே மாட்டிக்கொண்ட பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். (அந்தக் கதை கீழே வருகிறது.) அரங்கில் யாரும் கேள்வி கேட்பதில்லை. டீ இடைவேளையில்தான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, "சார், ஒரு சின்ன டவுட்டு" என்று தொடங்குவார்கள். அந்த டவுட்டுகள்தான் இவை. பதில்கள் எல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துச் சொன்னவை.

முதலில், இது காப்புரிமையா பதிப்புரிமையா?

பதிப்புரிமை. கண்டுபிடிப்புகளுக்குத் தருவது காப்புரிமை. மருந்து, இயந்திரம் எல்லாம் அதில் வரும். கதை, பாட்டு, படம், ஒலிப்பதிவு, சினிமா ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை. செய்தித்தாள்களே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன, நம் மேல் தப்பில்லை. நமக்கு வேண்டியது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பல முறை திருத்தியிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு முக்கியமான திருத்தம் 2012இல் வந்தது.

புத்தகத்தில் பதிப்புரிமைக் குறியே இல்லை, பதிவும் செய்யவில்லை. அப்போது உரிமை உண்டா?

உண்டு. எழுதி முடித்த நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. குறியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பதிவு என்பது நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

பாடம் நடத்துவதற்காக என்றால் எதை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. நம்மில் பலருக்கு இது தெரியாது.

சட்டத்தின் 52ஆம் பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதன் முதல் உட்பிரிவில் 'ஐ' என்ற எழுத்தில் இருப்பது நமக்கானது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகலெடுக்கலாம். தேர்வில் கேட்கும் கேள்வியின் பகுதியாகவும், அந்தக் கேள்விக்கு எழுதும் விடையிலும் நகலெடுக்கலாம். 2012க்கு முன்பு இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை இருந்தது. திருத்தத்தில் 'எந்தப் படைப்பையும்' என்று மாற்றினார்கள். சினிமாக் காட்சியும் ஒலிப்பதிவும் அப்படித்தான் உள்ளே வந்தன.

எத்தனை பக்கம், எத்தனை பிரதி என்று அந்த வரியில் எண் எதுவும் கிடையாது. ஆனால் 'கற்பித்தலின்போது' என்ற சொல் இருக்கிறது. முழுப் பாரமும் அந்த ஒரு சொல்லின் மேல்தான். அது எதுவரை நீளும் என்பதற்காகத்தான் தில்லியில் நான்கரை ஆண்டுகள் வழக்கு நடந்தது.

அது என்ன வழக்கு?

ஜெராக்ஸ் கடை வழக்கு என்று சொன்னால்தான் எல்லாருக்கும் புரியும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்று ஒரு சின்னக் கடை. பேராசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி இந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் இருபது பக்கம் என்று குறித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் அவற்றைச் சேர்த்து நகலெடுத்து, கட்டாகத் தைத்து மாணவர்களுக்கு விற்பார். நம் ஊர்க் கல்லூரி வாசல்களில் நடப்பதுதான்.

2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் கடைக்காரர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. மாணவர்களும் ஆசிரியர்களும் தனித்தனிச் சங்கமாகத் திரண்டு வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவர் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்தார்கள் என்று நினைவுகூர்கிறார். கையால் எடுத்தபோது தவறாக இல்லாத ஒன்று, இயந்திரம் வந்துவிட்டதாலேயே தவறாகிவிடாது என்பது அவர் வாதம்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. கற்பித்தல் என்பது மணி அடித்து மணி அடிக்கும் வரை உள்ள நேரம் மட்டும் இல்லை, அதற்கு முன் தயாராவதும் பின் படிப்பதும் சேர்ந்ததுதான் என்றது. இத்தனை சதவீதம் என்று அளவு போட மறுத்தது. பாடத்துக்கு அந்தப் பகுதி தேவையா, இல்லையா? அதுதான் அளவுகோல். குறிப்பிட்ட அந்தக் கட்டுகளில் இருந்தவை உண்மையிலேயே தேவையானவைதானா என்று சாட்சியம் வைத்து விசாரிக்க வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. பதிப்பகங்கள் அதற்கு நிற்கவில்லை. 2017 மார்ச்சில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நகல் உரிமங்களைக் கவனிக்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே மாதத்தில் அந்த மனுவும் ஏற்கப்படவில்லை.

இது தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. சென்னையில் ஒரு வழக்கு வந்தால் இதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் எடுத்துக்காட்டலாம்; எடைபோட்டுப் பார்ப்பார்கள்.

சரி, அப்படியானால் ஒரு முழு நாவலையும் முப்பது பிரதி போடலாமா?

கேட்டவர் ஓர் உதவிப் பேராசிரியர். நாவல் அச்சில் இருக்கிறது, இருநூற்றைம்பது ரூபாய்.

சட்டத்தின் எழுத்தைக் காட்டி யாராவது வாதாட முடியலாம். நான் முடியாது என்றுதான் சொல்வேன். பாடத்துக்கு எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு, கடையில் கிடைக்கும் ஒரு முழு நாவலை அட்டை முதல் அட்டை வரை நகலெடுப்பது நல்ல பதில் இல்லை. அத்தோடு, தமிழில் ஓர் இலக்கிய நூல் ஒரு பதிப்புக்குச் சில நூறு பிரதிகள்தான் போகிறது. முப்பது பிரதி என்பது அந்த எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் பெரிய எண்ணிக்கை. தொகுப்பிலிருந்து ஒரு சிறுகதையை நகலெடுத்து நடத்துவது வேறு. அதைத் தயங்காமல் செய்யுங்கள்.

வகுப்பில் முழுத் திரைப்படத்தையும் போட்டுக் காட்டலாமா?

காட்டலாம். 52ஆம் பிரிவில் 'ஐ'க்கு அடுத்த 'ஜே' இதைத்தான் சொல்கிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளுக்கிடையே படமோ ஒலிப்பதிவோ போடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தின் வேலைகளோடு தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கவேண்டும். பக்கத்துத் தெருக்காரர்களைக் கூப்பிட்டு மைதானத்தில் திரை கட்டினால் வட்டம் உடைந்துவிடும். பாடத்தோடு தொடர்பு இருக்கவேண்டும் என்றுகூட இந்த உட்பிரிவு கேட்கவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறார்கள். படம் பார்ப்பது நேர விரயம் என்று முணுமுணுக்கும் தலைமையாசிரியர்களுக்கு அதைச் சுட்டிக்காட்டலாம்.

ஆனால் படம் எங்கிருந்து வந்தது? அதையும் கேட்கவேண்டும். திரையிடுவதற்குத்தான் விலக்கு. டெலிகிராமில் இறக்கிய திருட்டுப் பிரதி இந்த விலக்கால் நல்ல பிரதியாகிவிடாது. காசு கொடுத்து வாங்கிய டிவிடி இருந்தால் தொல்லையே இல்லை.

என்னுடைய சொந்த ஓடிடி கணக்கில் போட்டுக் காட்டினால்?

பதிப்புரிமைச் சட்டம் தடுக்காது. நீங்கள் படிக்காமல் 'ஏற்கிறேன்' அழுத்திய ஒப்பந்தம் தடுக்கலாம். பெரும்பாலான தளங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் தான் தயாரித்த சில ஆவணப்படங்களைக் கல்விக்காகக் கட்டணமில்லாமல் திரையிட அனுமதி தருகிறது. அந்தப் படத்தின் விவரப் பக்கத்திலேயே அனுமதிக் குறிப்பு இருக்கும்.

யூடியூபும் ஒப்பந்தக் கணக்குதான். வகுப்பில் இணையத்தோடு நேராக ஓட்டினால் சிக்கல் இல்லை. இணையம் இழுவையாக இருக்கிறது என்று வீட்டில் வேறு செயலியால் இறக்கி பென் டிரைவில் கொண்டுபோவதை அந்தத் தளத்தின் விதிகள் ஏற்பதில்லை. அவர்களே தரும் ஆஃப்லைன் வசதியைப் பயன்படுத்துங்கள். பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் திக்‌ஷா காணொளிகளைச் செயலியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

10 சதவீதம் வரை, பாட்டு என்றால் 30 விநாடி வரை எடுத்தால் பிரச்சினை இல்லையாமே?

இந்தக் கேள்வி வராத கூட்டம் இல்லை. இந்தியச் சட்டத்தில் 30 விநாடியும் இல்லை, 10 சதவீதமும் இல்லை. அமெரிக்காவில் 1990களில் பதிப்பாளர்களும் கல்வித் துறையினரும் உட்கார்ந்து பேசி, பல்லூடகப் பாடங்களுக்காக வரைந்த வழிகாட்டுக் குறிப்பில் இந்த எண்கள் இருந்தன. பாட்டு 10 சதவீதம் அல்லது 30 விநாடி, படம் 10 சதவீதம் அல்லது 3 நிமிடம், எது குறைவோ அது. அங்கேயும் அது சட்டம் இல்லை. கைமாறிக் கைமாறி நம் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தபோது சட்டமாகிவிட்டது.

ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்குக் குழந்தைகள் ஆடலாமா? அதை யூடியூபில் போடலாமா?

ஆடலாம். மேலே சொன்ன 'ஜே'தான். மாணவர்களும் பணியாளர்களும் பாடலையோ நாடகத்தையோ நிகழ்த்துவதற்கும், பெற்றோர் முன்னிலையில் ஒலிப்பதிவைப் போடுவதற்கும் அதில் இடம் இருக்கிறது. டிக்கெட் போட்டு வெளியாருக்கு விற்றால் மட்டும் நான் பொறுப்பில்லை.

யூடியூப் வேறு. நான் மாட்டிக்கொண்ட கதை இதுதான். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் கரகாட்டம் ஆடினார்கள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாக்கள் பார்க்கட்டும் என்று நான்தான் காணொளியை ஏற்றினேன். மறுநாள் காலையில் ஒரு மாணவியின் அம்மா போன் செய்து, "சார், பிள்ளைங்க ஊமைப் படம் மாதிரி ஆடுதுங்க" என்றார். போய்ப் பார்த்தால் பாட்டு வந்த பகுதி முழுக்க ஒலியை எடுத்துவிட்டிருந்தது. சலங்கைச் சத்தம், கைதட்டல், விசில், எல்லாம் போய்விட்டது. கரகம் மட்டும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருந்தது. அவர்கள் செய்தது சரி. வட்டத்துக்குள் நடந்ததை நான்தான் உலகத்துக்கு முன் வைத்தேன்.

அடுத்த ஆண்டு இசை ஆசிரியரும் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கிய கும்மிப் பாட்டைத் தாங்களே பாடித் தவில் அடித்தார்கள். இன்றுவரை அந்தக் காணொளியை யாரும் தொடவில்லை. ஆக்கியோன் பெயரே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வரும் நாட்டுப்புறப் பாட்டுக்கு உரிமை கோர ஆள் இல்லை. ஆனால் அதே மெட்டைச் சினிமாவில் எடுத்து ஒருவர் இசைக்கோப்பு செய்திருந்தால், அந்த ஒலிப்பதிவு அவர்களுடையது.

ஒரு சின்ன விவரம். எனக்கு வந்தது உரிமைக் கோரல் மட்டுமே. யூடியூபில் 'ஸ்ட்ரைக்' என்பது அதைவிடக் கடுமையானது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலையே மூடிவிடலாம்.

கூகுளில் எடுத்த படத்தைப் பாடத்துக்கான பிபிடியில் வைக்கலாமா? கீழே 'நன்றி: கூகுள்' என்று போட்டுவிடுகிறோம்.

வகுப்பில் காட்டும் பிபிடி என்றால் வைக்கலாம். நன்றியைத்தான் தப்பான ஆளுக்குச் சொல்கிறீர்கள். கூகுள் தேடித் தருகிற இடம். படம் எடுத்தவர் வேறு யாரோ. அந்தப் படம் இருந்த பக்கத்துக்குப் போய்ப் பெயரைப் பார்த்து எழுதுங்கள். சட்டத்தின் 57ஆம் பிரிவு, தன் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. உரிமையை விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும். அதே சமயம், பெயர் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது.

அதே படம் பள்ளி இணையதளத்திலோ அட்மிஷன் ஃபிளெக்ஸிலோ ஏறினால் அது கற்பித்தல் இல்லை, விளம்பரம். எனக்குத் தெரிந்த ஒரு தனியார் பள்ளி, பிள்ளைகள் மழையில் ஓடும் அழகான படம் ஒன்றைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பத்தடி ஃபிளெக்ஸில் போட்டது. எடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். பஸ்ஸுக்கு நின்றவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மூலக் கோப்பை போனில் வைத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டார். பேசி, ஒரு தொகை கொடுத்து முடித்தார்கள்.

யாருடைய நூல்களைக் கவலையே இல்லாமல் பயன்படுத்தலாம்?

இரண்டு வழி. ஒன்று காலக் கணக்கு. எழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். முன்பு 50 ஆக இருந்தது; தாகூர் 1941இல் மறைந்ததால் 1991 முடிவில் அவர் நூல்களின் உரிமை தீர இருந்த நேரத்தில் அதை 60 ஆக்கினார்கள். நம் ஆட்களுக்குப் போட்டுப் பார்ப்போம். உ.வே.சா. 1942இல் மறைந்தார், 2002 முடிவோடு சரி. புதுமைப்பித்தன் 1948; 2008 முடிவு. கல்கி 1954, 2014 முடிவு. பாரதிதாசன் 1964, 2024 முடிவு.

இன்னொரு வழி நாட்டுடைமை. தமிழறிஞர்களின் வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களைத் தமிழக அரசு பொதுவாக்குகிறது. இதற்கு முன்னோடி பாரதி. அவர் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பிறகு மக்களுக்கு விட்டது. மேலே சொன்ன புதுமைப்பித்தன், கல்கி, பாரதிதாசன் மூவரும் கணக்குப்படி உரிமை தீரும் முன்பே நாட்டுடைமை ஆனவர்கள். 2018இல் மறைந்த மு. கருணாநிதியின் நூல்கள் 2024இல் நாட்டுடைமை ஆயின. இல்லாவிட்டால் 2078 வரை காத்திருக்கவேண்டும். நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் படிக்கலாம். பழந்தமிழ் நூல்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பு இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. கல்கியின் எழுத்து பொதுவானது. அவருடைய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதைக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அப்படி இல்லை. மணியம் 1968இல் காலமானார். அவர் ஓவியங்களுக்கு 2028 முடியும் வரை உரிமை இருக்கிறது. திருக்குறள் யாருக்கும் சொந்தமில்லை. நேற்று ஒருவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம். மறுபதிப்பின் அட்டையும் முன்னுரையும்கூட அப்படித்தான்.

பழைய சினிமாப் பாட்டு? 60 ஆண்டு ஆகிவிட்டதே.

ஒரு பாட்டுக்குள் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, படத்துக்கும் அப்படியே. வரிகளுக்கும் இசைக்கும் எழுதியவர், இசையமைத்தவர் வாழ்நாளோடு 60 ஆண்டு. 1961இல் வந்த படத்தில் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் உரிமை 2021 முடிவில் தீர்ந்தது. கவிஞர் 1981இல் மறைந்ததால் வரிகளின் உரிமை 2041 வரை ஓடும். வகுப்பில் போடுவதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. வெளியே ஏற்றும்போதுதான் தேவை.

புத்தகங்களின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. மாணவர்களுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். இதில் எனக்குச் சாயம் பூசிப் பேச வரவில்லை. வாழும் எழுத்தாளரின் முழு நூலை ஸ்கேன் செய்து இருநூறு பேர் உள்ள குரூப்பில் போடுவதைக் கற்பித்தல் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது. பல நேரம் அதை அனுப்புகிறவர் தமிழ் ஆசிரியர் என்பதுதான் எனக்கு உறுத்தல். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பாடப்புத்தக பிடிஎஃப் வேறு. அவர்களே இலவசமாகத் தருகிறார்கள், அந்த இணைப்பை அனுப்புங்கள். அதையே அச்சடித்து விற்றால் மீறல்.

செய்தித்தாளை வெட்டித் தகவல் பலகையில் ஒட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டுங்கள். அது நகலே இல்லை, நீங்கள் வாங்கிய தாள்.

ஆன்லைன் வகுப்புக்கும் இந்தச் சலுகை உண்டா?

சட்டம் வகுப்பறை என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. கற்பித்தலின்போது என்றுதான் சொல்கிறது. ஜெராக்ஸ் வழக்கில் அதை விரித்துப் படித்ததையும் பார்த்தோம். ஆகவே உங்கள் மாணவர்கள் மட்டும் நுழையும் ஜூம் வகுப்பில் ஒரு காட்சியைக் காட்டுவதற்கு நான் பயப்படமாட்டேன். அதன் பதிவை மாணவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தாலும் பயமில்லை. எல்லாரும் பார்க்கும் சேனலில் ஏற்றுவதாக இருந்தால், அந்தக் காட்சி வரும் இடத்தை வெட்டிவிட்டு ஏற்றுவேன். உங்கள் விளக்கம் உங்களோடு இருக்கும், அது போதும்.

பார்வையற்ற மாணவருக்காக ஒரு நூலை முழுவதும் வாசித்துப் பதிவு செய்யலாமா?

செய்யலாம், முழுவதும் செய்யலாம். 2012 திருத்தத்துக்கு முன் இந்த விலக்கே சட்டத்தில் இல்லை. இப்போது அதே 52ஆம் பிரிவில் 'இசட்-பி' என்ற உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு எந்தப் படைப்பையும் மாற்ற அனுமதிக்கிறது. லாபம் பார்க்கக்கூடாது, அவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. இதே நோக்கத்துக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல்.

தன்னார்வமாக வாசிக்க முன்வரும் மாணவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். அத்தியாயத்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். பக்க எண்ணையும் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். தேர்வுக்குப் படிக்கும்போது அதுதான் உதவும்.

ஆங்கிலக் கதையை நானே மொழிபெயர்த்து வகுப்பில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 52ஆம் பிரிவின் விலக்குகள் மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும் என்று அதன் இரண்டாம் உட்பிரிவே சொல்கிறது. நன்றாக வந்திருக்கிறதே என்று பத்திரிகைக்கு அனுப்பும்போது மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும்.

பள்ளிக்கென்று ஒரு கட்டுரைத் தொகுப்பு, பயிற்சிக் கையேடு அச்சிட ஆசை.

அச்சிட்டு வெளியிடுவதற்குத் தனி விதி. தொகுப்பின் பெரும்பகுதி உரிமை இல்லாத படைப்புகளாக இருக்கவேண்டும். கல்விக்கானது என்று தலைப்பிலேயே தெரியவேண்டும். எடுப்பவை சின்னப் பகுதிகளாக இருக்கவேண்டும். ஒரே ஆசிரியரிடமிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு பகுதிக்கு மேல் எடுக்கக்கூடாது. பாடநூலாகவே எழுதப்பட்டதிலிருந்தும் எடுக்க முடியாது. இத்தனையும் எண்ணிக்கொண்டிருப்பதற்கு, அந்தக் கவிஞருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். நான் கேட்ட யாரும் இதுவரை பள்ளிக்கு மறுத்ததில்லை. ஒரு பிரதி அனுப்புங்கள் என்பார்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தால்?

உரிமையாளரே முன்கூட்டி அனுமதி எழுதி வைத்திருக்கிறார் என்று பொருள். 'பிஒய்' என்றால் பெயர் போடவேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றக்கூடாது. 'எஸ்ஏ' என்றால் நீங்கள் ஆக்கியதையும் அதே அனுமதியோடு விடவேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 'பிஒய்-எஸ்ஏ'வில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருக்கும் என் அக்காவுக்கும் இதே விதிதானா?

இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அங்கே நியாயமான பயன்பாடு என்ற பொது விதி இருக்கிறது. வகுப்புக்கெனப் பல பிரதிகள் எடுப்பதையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் உரிமைக் காலம் வாழ்நாளோடு 70 ஆண்டு. இங்கே பொதுவாகிவிட்ட நூல் அங்கே இன்னும் பத்து ஆண்டு உரிமையோடு இருக்கலாம்.

மீறினால் என்ன தண்டனை?

தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நிஜத்தில் பள்ளிகளுக்கு வருவது நோட்டீஸ், நஷ்டஈடு கேட்டு ஒரு கடிதம், அல்லது ஊமையாகிப் போன காணொளி.

நான் தயாரித்த நோட்ஸ் யாருக்குச் சொந்தம்?

வேலையின் பகுதியாகத் தயாரித்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். அரசுப் பள்ளி என்றால் அரசு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதிய கவிதை உங்களுடையது. நடுவில் கிடக்கும் பொருள்கள்தான் தகராறு: விடுமுறையில் சொந்தக் கணினியில் செய்த பாடக் காணொளி, மாலை டியூஷனுக்கு எழுதிய வினா வங்கி. தனியார் பள்ளியில் சேரும்போது ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவர்கள் எழுதியதும் வரைந்ததும்?

அவர்களுடையது. ஏழாம் வகுப்புப் பையன் வரைந்த தேர்த் திருவிழாவைப் பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் போடும் முன் அவனிடமும் அவன் பெற்றோரிடமும் கேட்கவேண்டும். நாங்கள் சேர்க்கைப் படிவத்தோடு ஒரு சிறு ஒப்புதல் தாளை வைத்திருந்தோம். ஓர் ஆண்டு ஒரு சிறுமி அதில் 'சம்மதம்' என்பதற்குக் கீழே பென்சிலால், "பேரு தப்பில்லாம போடணும்" என்று எழுதியிருந்தாள். முந்தின ஆண்டு மலரில் அவள் பெயருக்குத் துணைக்கால் விட்டுப்போயிருந்தது.